காற்றுக்கும் கணக்கு உண்டு!

அந்தி சாய்ந்ததும் ஆரணியிலே விளக்கு எரிகிறது. கும்மிடிப்பூண்டி ஆலையிலே எந்திரம் சுழல்கிறது. அருகே அத்திப்பட்டு அனல்மின் நிலையம். அதற்கு ஒடிசாக் கரி கப்பலேறி வருகிறது. விளக்கைப் பார்க்கிறோம். கரி வெட்டுபவன் மூச்சைப் பார்க்கிறோமா, தோழர்களே?

நாட்டுக் கரியில் பெரும்பகுதி இன்று திறந்தவெளிச் சுரங்கத்தில் வெட்டப்படுவது உண்மைதான். ஆயினும் ஜாரியா, ராணிகஞ்ச், சிங்கரேணி வட்டாரங்களில் பூமிக்கடியில் இறங்கி உழைப்போர் இன்னும் உண்டு.

காற்றுக்கென்ன பஞ்சம் என்பார் சிலர். மேலே இல்லை, அய்யா! கீழே உண்டு. ஒரு குழி வழியே நல்ல காற்று இறங்க வேண்டும். மறு குழியின் தலையிலே பூதம்போன்ற விசிறி நின்று கெட்ட காற்றை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். காற்று குறுக்கு வழியில் ஓடிவிடாமல், கரி வெட்டும் இடம்வரை அதை இழுத்துச் செல்லத் தடுப்புச் சுவர்கள், இரட்டைக் கதவுகள், திரைத்துணிகள்! கதவுகள் திறந்து கிடந்தால் காற்று பாதியிலேயே திரும்பிவிடும். கோடியில் நிற்பவனுக்கு வந்து சேராது.

கரியிலிருந்து கசியும் மீத்தேனுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்குவரை கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். கரித்தூளும் சேர்ந்து பற்றினால் சுரங்கமே பீரங்கிக் குழாய்! 1958 பிப்ரவரியில் வங்கத்துச் சினாக்குரியில் மாண்டோர் 170க்கு மேல். 1965 மே 28இல் டோரியில் 268 பேர். 1994 சனவரியில் நியூ கெண்டாவில் தீ மூண்டு, நச்சுப்புகையில் மூச்சுத் திணறி 55 பேர். 2006 செப்டம்பரில் தன்பாத் பக்கத்துப் பட்டிஹில் 50 பேர்.

சட்டம் இல்லையா? உண்டு. ஆளுக்கு நிமிடத்துக்கு 6 கன மீட்டர் காற்று, அல்லது நாளில் எடுக்கும் டன்னுக்கு 2.5 கன மீட்டர், எது அதிகமோ அது வேண்டும் என்றன 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். ஆக்சிஜன் 19 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. எரிவாயு எந்த இடத்திலும் 1.25 விழுக்காட்டை மிஞ்சக்கூடாது. வெடிப்பதோ 5இல்! நடுவே உள்ளதுதான் தொழிலாளி உயிரோடு வெளியேறக் கிடைக்கும் அவகாசம்.

ஏட்டிலே எழுதிய காற்று நுரையீரலுக்குள் போகாது. விசிறிக்கு மின்சாரச் செலவு, சுவருக்குக் கூலிச் செலவு. இரண்டும் டன் கணக்கிலே தெரிவதில்லை. சிக்கனம் என்றதும் கை முதலில் நீளக்கூடிய இடம் அதுதான்.

அளப்பவன் யார்? நிர்வாகத்தின் சம்பளக்காரன். அதனால்தான் 500 பேருக்குக் குறையாத சுரங்கங்களில், சங்கத்தைக் கலந்து குறிக்கப்படும் தொழிலாளியும் ஆய்வாளராக இறங்கிப் பார்க்க, 1955ஆம் ஆண்டுச் சுரங்க விதிகளில் பின்னாளில் இடம் செய்தார்கள். நல்லது! நாம் கேட்பது இன்னும் ஒரு படி மேலே. வாயு மிஞ்சிவிட்டது என்று அவன் சொன்னால், மேலாளர் வரும்வரை காத்திராமல் வேலை நிற்கட்டும். நின்ற நேரத்துக்குக் கூலி வெட்டாதிருக்கட்டும். அன்றன்று அளந்த எண்ணைக் குழிவாயிலில், தொழிலாளி படிக்கும் மொழியில், பலகையிலே எழுதிப் போடட்டும்.