மருத்துவமனைப் புல்வெளியில் தொடங்கிய விளையாட்டு

பாராலிம்பிக் போட்டிகளில் நம் நாட்டவர் பதக்கம் பெறும்போது, அரசு அறிவிக்கும் பரிசுத்தொகை நாளிதழ்களில் பெரிய எழுத்துகளில் இடம்பெறுகிறது. விளையாட்டுக்கென அரசு செலவிடும் பணம் வெற்றி பெற்ற ஒரு சிலரையே சென்றடைகிறது என்னும் எண்ணம் அதனால் பலருக்கு உண்டு. நோயுற்றவரின் கட்டிலருகே நாள்தோறும் அமர்ந்திருப்போருக்கு அச்செய்தி தமக்குத் தொடர்பற்றதாகத் தோன்றுவதும் இயல்பே. எனினும் அவ்விளையாட்டு விழா ஒரு மருத்துவமனையில், நோயாளிகளுக்காக, ஒரு மருத்துவரால் தொடங்கப்பெற்றது என்பதை இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், தண்டுவடக் காயமுற்ற வீரர்கள் பெருமளவில் வந்து சேர்வர் என எதிர்பார்த்த பிரித்தானிய அரசு, ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அவர்களுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. 1944 பிப்ரவரி முதல் நாள் அப்பிரிவு திறக்கப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்ற லுட்விக் குட்மன், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்து வந்த யூத நரம்பியல் மருத்துவர். அக்காலத்தில் தண்டுவடம் முறிந்தோர் நெடுநாள் வாழ்வதில்லை. படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்ப் பாதையிலும் ஏற்படும் தொற்றே பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது. இரவு பகல் பாராது இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று குட்மன் கண்டிப்புடன் கட்டளையிட்டார். இப்பணி எத்துணைக் கடினமானது என்பதை, வீட்டில் அதைச் செய்து வரும் தாய்மாருக்கும் மனைவியருக்கும் நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

உயிர் பிழைத்தவர்கள் அதன்பின் என்ன செய்வது? குட்மனை வாட்டிய வினா இதுவே. மரவேலை, கடிகாரம் பழுதுபார்த்தல் போன்ற தொழில்களை நோயாளிகளுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அவற்றோடு விளையாட்டையும் சிகிச்சையின் பகுதியாகச் சேர்த்தார். வில்வித்தையை அவர் பெரிதும் விரும்பியதற்குத் தெளிவான மருத்துவக் காரணம் உண்டு. கால்கள் செயலிழந்த ஒருவர், சக்கர நாற்காலியில் நிமிர்ந்து அமரவும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தாமே மாறவும் தோள், கை, முதுகுத் தசைகளையே நம்பியிருக்கிறார். வில்லை இழுப்பது அத்தசைகளையே வலுப்படுத்துகிறது. மேலும், உடற்குறை இல்லாத ஒருவரோடு சமமாக நின்று போட்டியிடவும் அதில் இயலும்.

1948 ஜூலை 29 அன்று இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கியது. அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலிகளில் அமர்ந்து அம்பெய்தனர். அவர்களுள் இருவர் பெண்கள். நான்கு ஆண்டுகளில் நெதர்லாந்து வீரர்களும் வந்து கலந்துகொண்டனர். 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த சுமார் 400 பேர் பங்கேற்ற போட்டியே முதல் பாராலிம்பிக் என இன்று அறியப்படுகிறது.

நம் நாட்டின் முதல் பாராலிம்பிக் பதக்கத்தின் கதையும் இதைப் போன்றதே. முரளிகாந்த் பெட்கர் 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டு பாய்ந்து படுகாயமுற்ற இராணுவ வீரர். அதற்கு முன் குத்துச்சண்டை வீரராகவும் இருந்தவர். சிகிச்சையின் ஒரு பகுதியாக நீச்சலில் ஈடுபட்ட அவர், 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். இராணுவ மருத்துவமனையின் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அரசு செலவிட்ட பணம், யாரும் எதிர்பாராத வகையில் தந்த பலன் அது.

அண்மைக் காலத்தில் அரசின் ஆதரவு விரிவடைந்துள்ளது. 2014இல் மத்திய அரசு தொடங்கிய ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டத்தில் மாற்றுத்திறன் வீரர்களும் இடம்பெறுகின்றனர். பயிற்சிச் செலவோடு, முதன்மைப் பிரிவினருக்கு மாதம் 50,000 ரூபாய் உதவித்தொகையும் வழங்கப்படுகிறது. 2016 ரியோ போட்டியில் 4 ஆக இருந்த இந்தியாவின் பதக்கங்கள், டோக்கியோவில் 19 ஆகவும், 2024 பாரிஸில் 29 ஆகவும் உயர்ந்தன. பாரிஸில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன், மாரியப்பன் தங்கவேலு ஆகிய நால்வர் தமிழ்நாட்டிற்குப் பெருமை சேர்த்தனர்.

ஆயினும் பதக்கப் பட்டியலைக் கொண்டு மட்டும் இவ்வாதரவை மதிப்பிடுவது சரியன்று என்றே கருதுகிறோம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பனுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. 2016இல் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றபோது மாநில அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்த தாயின் மகன் அந்த உயரத்தை எட்டுவதற்கு முன் அவருக்குத் தேவைப்பட்டவை வேறு: ஒதுக்கிவைக்காத ஒரு பள்ளி, ஊக்கம் தந்த ஓர் உடற்கல்வி ஆசிரியர், ஓடிப் பழக ஒரு திடல். சாய்தளம் இல்லாத அரங்கிற்குள் சக்கர நாற்காலி நுழையாது. கைப்பிடி இல்லாத கழிப்பறை இருந்தால் பெண் குழந்தையைப் பெற்றோர் மறுநாள் அனுப்பமாட்டார்கள். பரிசுத்தொகையைவிடச் சிறிய இச்செலவுகள், பதக்கமே வாங்காத பல்லாயிரம் பேருக்குப் பயன்படும். முழங்கால் தேய்ந்த முதியவருக்கும், பக்கவாதத்திலிருந்து மீள்பவருக்கும் அதே சாய்தளமே வழி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டில் பங்கேற்பதற்கான ஏற்பாடுகளை அரசின் கடமையாக 30ஆம் பிரிவில் வரையறுத்துள்ளது. எனவே, சாய்தளம் கேட்டு விண்ணப்பிப்பது சலுகைக்கான மன்றாட்டாகாது.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். மறுவாழ்வுப் பிரிவில் குடும்பத்தார் தயக்கத்துடன் எழுப்பும் வினா, "விளையாடினால் மறுபடியும் அடிபட்டுவிடுமோ?" என்பதே. அச்சம் அன்பின் பாற்பட்டது. எனினும் எல்லாப் பணிகளையும் பிறரே செய்துவிடும்போது, எஞ்சியுள்ள தசைகளும் வலுவிழக்கின்றன, மனமும் சோர்கிறது. பந்தை எறிந்து பிடிப்பதிலேயே தொடங்கலாம். மருத்துவரிடமும் இயன்முறைச் சிகிச்சையாளரிடமும் முதலில் கேட்டறிவது இன்றியமையாதது. உணர்ச்சியற்ற பகுதிகளில் தோல் சிவந்துள்ளதா என்பதை ஆட்டத்திற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடக் காயமுற்றவருக்குத் திடீரெனக் கடும் தலைவலியும் வியர்வையும் ஏற்பட்டால், உடனே நிமிர்த்தி அமர வைத்து, ஆடையின் இறுக்கத்தைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் அடைபட்டுள்ளதா எனப் பார்த்து, தாமதமின்றி மருத்துவ உதவி பெறுக.

போட்டியில் பங்கேற்க விழைவோருக்கு முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. விவரங்களை மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் பெறலாம். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: அடையாள அட்டையில் குறிக்கப்படும் ஊனச் சதவீதமும், வீரர் எப்பிரிவில் போட்டியிடுவார் என்னும் விளையாட்டு வகைப்பாடும் வெவ்வேறு. பின்னதை, உடலியக்கத்தை நேரில் சோதித்து அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களே முடிவு செய்வர். அச்சோதனையின்போது பழைய மருத்துவ ஆவணங்களைக் கேட்பதுண்டு. ஆதலால் இங்கிருந்து வீடு திரும்பும் நாளில் தரப்படும் மருத்துவச் சுருக்கத்தையும் ஊடுகதிர்ப் படங்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.