தலை எண்ணும் மென்பொருள்

2012 செப்டம்பரில் உகாண்டாவின் பட்ஜெட் நாடாளுமன்றத்தில் சிக்கிக்கொண்டது. கிராமத்துச் சுகாதார நிலையங்களுக்கு ஆள் எடுக்கப் பணம் ஒதுக்கினால்தான் கையைத் தூக்குவோம் என்று ஆளுங்கட்சி உறுப்பினர்களே மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் அரசு இறங்கிவந்தது. 4,950 கோடி உகாண்டா ஷில்லிங் ஒதுக்கப்பட்டு, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை வேலைக்கு எடுக்க வழி பிறந்தது.

டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை என்ற புலம்பல் எந்த நாட்டு அவையிலும் கேட்பதுதான். அந்த முறை அது எடுபட்டதற்கு ஒரு காரணம், புலம்பியவர்கள் கையில் கணக்கு இருந்தது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் நூற்றுக்கு 58இல்தான் ஆள் இருக்கிறார் என்று சுகாதார அமைச்சகத்தின் தணிக்கை சொன்னது. எந்த மாவட்டத்தில், எந்த நிலையத்தில், எந்த வேலைக்கு என்று பிரித்தும் சொன்னது. அந்தக் கணக்குக்குக் கைகொடுத்தது ‘ஐரிஸ்’ என்கிற கட்டற்ற மென்பொருள். மனிதவளத் தகவல் அமைப்பு என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். கண்மணியைச் சுற்றியிருக்கும் வண்ணப் படலத்துக்கும் அதே உச்சரிப்பு. பெயர் வைத்தவருக்கு ரசனை இருந்திருக்கிறது.

அதற்கு முன்பும் பதிவேடுகள் இல்லாமலில்லை. சொல்லப்போனால் அளவுக்கு மீறி இருந்தன. செவிலியர் கவுன்சிலில் ஒரு ஏடு, சம்பளப் பிரிவில் ஒரு பட்டியல், மாவட்ட அலுவலகத்தில் ஒரு கோப்பு, மிஷன் மருத்துவமனைகளில் தனித்தனி நோட்டு. ஒன்றோடொன்று பேசாது. படிப்பு முடித்தபோது ஒரு பெயர், திருமணத்துக்குப் பின் வேறு பெயர் என்றிருக்கும் ஒரு செவிலியர் இரண்டு பேராகக் கணக்கில் ஏறுவார். பிரிட்டனுக்குப் போய்ப் பல வருஷமானவர் கவுன்சில் ஏட்டில் இன்னும் உள்ளூரிலேயே இருப்பார். சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருக்கும் ஊழியர்கள் இன்னொரு வகை. அவர்களைப் பற்றி நமக்கு விளக்கவேண்டியதில்லை.

2006இல் உலக சுகாதார நிறுவனம் தன் ஆண்டறிக்கை முழுவதையும் சுகாதார ஊழியர் விஷயத்துக்கே ஒதுக்கியது. 57 நாடுகளில் ஆள் போதாத நெருக்கடி. அவற்றில் 36, சஹாராவுக்குத் தெற்கே. உலகின் நோய்ச்சுமையில் 24 சதவீதத்தை ஆப்பிரிக்கா சுமக்கிறது, சுகாதார ஊழியர்களில் 3 சதவீதமே அங்கே இருக்கிறார்கள் என்றது அந்த அறிக்கை. ஆனால் ஆள் போதவில்லை என்று சொல்லவே முதலில் ஆளை எண்ண வேண்டுமே. அந்த இடத்தில்தான் இன்ட்ராஹெல்த் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையான யு.எஸ்.எய்டின் பணத்தில் ஐரிஸை எழுதத் தொடங்கியது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் பிற்பாடு அதை எடுத்துக்கொண்டன.

மென்பொருளின் உள்ளே இருக்கும் யோசனை எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. ஆள் வேறு, பணியிடம் வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு. ஒருவர் மாற்றலாகிப் போனால் அவருடைய பதிவு அவரோடு போகும். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி என்ற தகவலோடு பழைய ஊரிலேயே நிற்கும். பழைய விவரத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவதில்லை. மேலே மேலே சேர்த்துக்கொண்டே போகும். நம்மூர் அரசு ஊழியரின் எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேடு மாதிரி. அதனால், ஒரே வருஷம் பயிற்சியில் சேர்ந்த செவிலியர்களில் எத்தனை பேர் தேர்வில் தேறினார்கள், எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் பிறகு உரிமத்தைப் புதுப்பித்தார்கள் என்று படிப்படியாகப் பின்தொடர முடிகிறது. உகாண்டாவின் செவிலியர், மருத்துவச்சிகள் கவுன்சில் இதைச் செய்தபோது ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்வது தெரிந்தது. கல்லூரி கட்டுவது மட்டும் பற்றாக்குறைக்கு மருந்தல்ல என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

இருப்பவர் எத்தனை என்று தெரிந்துவிட்டது. தேவை எத்தனை? நிலையத்துக்கு இத்தனை பேர் என்று தலைநகரில் உட்கார்ந்து விதி போடுவது பழைய வழி. கூட்டம் அலைமோதும் நிலையத்துக்கும் ஈயோட்டும் நிலையத்துக்கும் ஒரே அளவு. உலக சுகாதார நிறுவனம் 1998இல் கையேடாக வெளியிட்ட முறை வேலைப்பளுவிலிருந்து தொடங்குகிறது. ஒரு மருத்துவச்சிக்கு வாரம் 5 நாள் வீதம் ஆண்டுக்கு 260 நாள். விடுமுறை, விடுப்பு, பயிற்சி என 50 நாள் கழித்தால் 210. நாளுக்கு 8 மணி நேரம் வைத்தால் 1,680 மணி நேரம். ஏடு எழுதுவது, கூட்டம் போவது ஆகியவற்றில் கால்வாசி போகிறது என்று வையுங்கள், மிச்சம் 1,260. கர்ப்பிணி ஒருவரைப் பரிசோதிக்க 20 நிமிடம் என்றால் ஆண்டுக்கு 3,780 பரிசோதனை. நிலையத்தில் 11,340 பரிசோதனை நடக்கவேண்டுமானால் 3 பேர் வேண்டும். இரண்டே பேர் இருந்தால்? ஒன்று, இருபது நிமிடம் பதின்மூன்றாகும்; அல்லது மூன்றில் ஒரு பெண் பார்க்கப்படாமலே திரும்புவாள்.

ஐரிஸ் ஏன் திறந்த மூல மென்பொருளாக இருக்கவேண்டும் என்று கேட்கலாம். பயனருக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் கட்ட இந்த அமைச்சகங்களால் ஆகாது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, உள்ளே கைவைக்கும் சுதந்திரம். ஒவ்வொரு நாட்டுக்கும் பதவிப் பெயர் வேறு, நிலையங்களின் படிநிலை வேறு. நிரலைத் திறந்து மாற்ற உள்ளூர் ஆளால் முடியவேண்டும். இதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த ‘டி.எச்.ஐ.எஸ். 2’ என்ற திறந்த மூலச் சுகாதாரத் தகவல் அமைப்பு முதன்முதலில் 2006இல் இறங்கியது கேரளத்தில். 2020 ஜனவரியில் கொரோனா வாசலில் நின்றபோது, அதே அமைப்பில் பயணிகளைக் கண்காணிக்கும் வசதியை இலங்கையில் சேர்த்தார்கள். அந்த வேலை பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

2014இல் லைபீரியாவில் எபோலா. சுகாதார ஊழியர்களே கொத்தாக விழுந்தார்கள். அந்த நாட்டில் மட்டும் ஏறத்தாழ 190 ஊழியர்கள் இறந்தார்கள். அப்போது யுனிசெஃப் துணையோடு ஐரிஸையும் குறுஞ்செய்தி அமைப்பையும் கோத்து, ஊழியர்களின் சாதாரண செல்போனுக்கே செய்தி அனுப்பினார்கள். அந்தச் செய்திகளின் ஒரு வேலை, ‘நீங்கள் யார், எங்கே வேலை செய்கிறீர்கள்’ என்று பதிவைச் சரிபார்ப்பது.

அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. மென்பொருள் இலவசம், அதில் இருக்கும் தகவல் இலவசமல்ல. மாவட்ட அலுவலகத்தில் யாரோ ஒருவர் மாற்றலையும் ஓய்வையும் மரணத்தையும் உடனுக்குடன் ஏற்றவேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும், மின்சாரம் வேண்டும். பல இடங்களில் அந்தச் செலவை வெளிநாட்டு உதவியே பார்த்துக்கொண்டது. ஐரிஸுக்குப் பால் வார்த்த யு.எஸ்.எய்ட் 2025 ஜூலை 1ஆம் தேதி மூடப்பட்டது. நிரல் எங்கும் போகவில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பதிவேற்றும் ஆளை நிறுத்திவிட்டால் பதிவேடு ஆறே மாதத்தில் பழங்கதையாகும்.

உகாண்டாவில் 2014இல் நிரம்பிய பணியிடங்கள் நூற்றுக்கு 69ஆக உயர்ந்திருந்தன. அது அன்றைய கணக்கு. எந்த ஊரானாலும் சரி, காலிப் பணியிடங்கள் இத்தனை என்று செய்தி வந்தால், அது எந்தத் தேதியில் எடுத்த கணக்கு என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.