வயசுக் கோளாறு என்று சொல்லும் முன்

பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஒரு பெண்பிள்ளையிடம் அத்துமீறினான் என்று தெரிந்தால் ஊரில் முதலில் கிளம்பும் பேச்சு வயசுக் கோளாறு என்பதுதான். அடுத்து செல்போன், அப்புறம் குடி. எதிலும் வளர்த்தவர்களுக்குப் பங்கில்லை என்பது இந்தக் காரணங்களின் வசதி. ஐ.நா. அமைப்புகள் 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. இலங்கை, வங்கதேசம் உட்பட ஆறு நாடுகளில் சுமார் 10,000 ஆண்களிடம் கேட்டார்கள். பெண்ணைப் பலவந்தப்படுத்தியதை ஒப்புக்கொண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதன்முதலில் அதைச் செய்தது பதின்வயதில். அவள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் தனக்கு உரிமை உண்டு என்ற நினைப்புதான் அவர்கள் அதிகம் சொன்ன காரணம். குடியைக் காட்டியவர்கள் இருப்பதிலேயே குறைவு.

அந்த நினைப்புக்கு விதை வீட்டில் விழுகிறது. அண்ணன் சாப்பிட்டு நகர்ந்த தட்டைத் தங்கை எடுத்துக் கழுவுகிறாள். அம்மா அடிவாங்கும்போது யாரும் தடுப்பதில்லை. சிறுவயதில் தானே வன்முறைக்கு ஆளானவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்றும் அதே ஆய்வு காட்டியது. இந்திய அரசின் 2007 ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதாவதொரு பாலியல் சீண்டலைச் சந்தித்திருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். அப்படிப்பட்ட பையன்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர்களிடம் யாரும் கேட்பதும் இல்லை.

அந்த வயதில் கட்டுப்பாடு வராது என்பவர்கள் பசியாவரம் கிராமத்தைச் சுற்றியுள்ள பழவேற்காடு ஏரியைப் பார்க்கட்டும். இங்கே மீனவர்களிடம் பாடு முறை உண்டு. இன்றைக்கு யாருடைய பாடோ அவர்தான் அந்த இடத்தில் வலை போடலாம். மீன் துள்ளினாலும் அடுத்தவன் இறங்கக் கூடாது. அப்பாவோடு படகேறும் பையன் இதைப் பாடப்புத்தகம் இல்லாமலே கற்கிறான். இன்னொருவர் எல்லையை மதிக்கத் தெரிந்தவனுக்குப் பெண்ணின் மறுப்பு மட்டும் ஏன் புரியாமல் போகும்? செல்போன் தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் பார்ப்பது பொய் என்று சொல்ல வீட்டில் ஆளில்லாவிட்டால், பிடுங்கி வைத்து என்ன பயன்?

புகார் கொடுத்தால் பையன் வாழ்க்கை பாழாகும், ஊர்ப் பஞ்சாயத்திலேயே அபராதம் போட்டு முடிப்போம் என்பார்கள். பெண்பிள்ளையின் வாழ்க்கை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் மறைப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. பையனுக்கோ 18 வயது ஆகும்வரை இளைஞர் நீதிக் குழுமம்தான் முதல் வாசல். அவன் பெயரை வெளியிடக் கூடாது. 16க்குக் கீழ் என்றால் அதிகபட்சம் மூன்றாண்டு சிறப்பு இல்லம். மனநல ஆலோசனையும் உண்டு. கொடுங்குற்றமானால் 16ஐத் தாண்டியவர் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பதும் உண்மை. பஞ்சாயத்து அபராதமோ அவனுக்குக் கற்றுத்தருவது ஒன்றுதான்: காசு கட்டினால் தீர்ந்தது.

பாதிக்கப்பட்ட பிள்ளை ஏரியைத் தாண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியதில்லை. சீருடை அணியாத போலீஸார் அவள் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கு எஃப்.ஐ.ஆர். போடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு இரவிலும் பகலிலும் காசில்லாமல் பேசலாம்.