மூன்று கை ஏலியன் மலிவு, மனிதக் குரல் காஸ்ட்லி: ‘ஸ்டார் ட்ரெக்’ கார்ட்டூன் ஆன கதை

நடிகர்களை வைத்து எடுத்த ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடரை அனிமேஷனாக மாற்றினால் என்ன லாபம்? செட் வேண்டாம், மேக்கப் வேண்டாம், ‘இனி எதை வேணும்னாலும் காட்டலாமே’ என்றுதான் முதலில் தோன்றும். நிஜத்தில் கணக்கு வேறு மாதிரி. 1973-ல் அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் வந்த அனிமேஷன் ‘ஸ்டார் ட்ரெக்’ இதற்கு நல்ல உதாரணம்.

ஒரிஜினல் தொடர் 1966 முதல் 1969 வரை 79 எபிசோடுகள் ஓடி நின்றுபோனது. அதன்பிறகு மறு ஒளிபரப்பில்தான் ரசிகர் கூட்டம் பெருகியது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே சேனல், அதே விண்கலம், அதே கேப்டன் கிர்க். ஆனால், இந்த முறை கார்ட்டூன். அதுவும் சனிக்கிழமை காலை, குட்டிப் பசங்க டிவி முன்னால் உட்காரும் நேரத்தில்.

வரைவது ஈஸி, அசைப்பது கஷ்டம்

பழைய தொடரில் ஏலியன் என்றாலே பெரும்பாலும் மனிதர்தான். காதை நீட்டி, புருவத்தைத் தூக்கி ஒப்பேற்றினார்கள். அனிமேஷனில் அந்தச் சிக்கல் இல்லை. மூன்று கை, மூன்று கால் கொண்ட ஏரெக்ஸ், பூனை முகம் கொண்ட ம்ரெஸ் என இரண்டு புது அதிகாரிகள் விண்கலத்தில் சேர்ந்தார்கள்.

சிக்கல் அசைவில் இருந்தது. ஒவ்வோர் அசைவுக்கும் புதுப்புது ஓவியம் வேண்டும். அதற்கு ஆளும் காசும் வேண்டும். தயாரித்த ஃபில்மேஷன் ஸ்டூடியோ சிக்கனத்துக்குப் பேர்போனது. உடம்பு அப்படியே நிற்க, வாய் மட்டும் அசையும். ஒரு தடவை வரைந்த ‘ஷாட்’ திரும்பத் திரும்ப வரும். விண்வெளியில் இறங்கும்போது தனி உடை வரையாமல், உடம்பைச் சுற்றி ஒளிவட்டம் தரும் ஒரு ‘பெல்ட்’டை மாட்டிவிட்டார்கள். பழைய ஓவியத்தையே பயன்படுத்தலாம் பாருங்கள்! இன்று பார்த்தால் பல காட்சிகள் பவர்பாயின்ட் மாதிரிதான் இருக்கின்றன.

நிமோய் போட்ட நிபந்தனை

படம் அசையாவிட்டால் எல்லாப் பாரமும் குரலின் தலையில் விழும். அங்கேயும் பட்ஜெட் இடித்தது. ஷாட்னர், நிமோய், கெல்லி, டூஹன், மேஜல் பேரட் ஆகிய ஐந்து பேரே போதும். உஹுரா, சுலு உள்ளிட்ட மற்றவர்களுக்கு டூஹனும் பேரட்டும் குரல் கொடுத்துவிடுவார்கள் என்பது முதல் திட்டம்.

ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமோய் இதை ஏற்கவில்லை. நிஷெல் நிக்கல்ஸும் ஜார்ஜ் டகேயும் இல்லையென்றால் தானும் இல்லை என்றார். ஒரு கறுப்பினப் பெண்ணும் ஓர் ஆசிய அமெரிக்கரும் சரிசமமாக உட்கார்ந்திருந்த விண்கலம் அது. முகத்தை வைத்துக்கொண்டு ஆளை வெளியே அனுப்பினால் அந்தக் கதைக்கே அர்த்தம் இல்லை. ஸ்டூடியோ இறங்கி வந்தது. இருவரும் சேர்க்கப்பட்டார்கள். ‘த லோரலை சிக்னல்’ எபிசோடில் உஹுரா விண்கலத்தின் பொறுப்பையே ஏற்கிறார்.

செக்காவாக நடித்த வால்டர் கோனிக்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பட்ஜெட்டைக் காரணம் காட்டி அவரைக் கழற்றிவிட்டார்கள். செக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தது ஏரெக்ஸ். அதற்குக் குரல், ஏற்கெனவே சம்பளத்தில் இருந்த டூஹன்! மூன்று கை ஏலியன் ஒரு மனித நடிகரைவிட மலிவாக முடிந்தது. கோனிக்குக்குக் கிடைத்தது ஒரு எபிசோடுக்குக் கதை எழுதும் வாய்ப்பு மட்டும்தான்.

பிள்ளைகள் நேரத்தில் ஒரு மரணம்

ஒளிபரப்பான இரண்டாவது எபிசோடு ‘யெஸ்டர்இயர்’. ஒரிஜினல் தொடரிலும் எழுதிய டி.சி.ஃபான்டானாவின் கதை. ஸ்பாக் காலத்தில் பின்னோக்கிச் சென்று, சிறுவனான தன்னையே காப்பாற்றப் போகிறார். சிறுவனைக் காக்கும் சண்டையில் அவனது வளர்ப்புப் பிராணி விஷக் காயம் படுகிறது. சிகிச்சை தந்தால் வலியோடு கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டிருக்கும். இல்லையென்றால் அமைதியாகப் போய்விடும். முடிவெடுக்க வேண்டியவன் அந்தச் சிறுவன். போகவிடுவது என்று முடிவெடுக்கிறான்.

குழந்தைகள் நிகழ்ச்சியில் செல்லப்பிராணி சாவதா என்று சேனல் தயங்கியது. படைப்பு உரிமை முழுக்கத் தன் கையில் இருந்ததால், ‘ஸ்டார் ட்ரெக்’கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி ஃபான்டானாவின் பக்கம் நின்றார். காட்சி அப்படியே போனது. அசையாத ஓவியங்கள்தான், ஆனாலும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது.

மொத்தம் 22 எபிசோடுகளோடு 1974-ல் தொடர் முடிந்தது. 1975-ல் சிறந்த குழந்தைகள் தொடருக்கான எம்மி விருது கிடைத்தது. ஒரிஜினல் தொடருக்குக் கிடைக்காத பெருமை அது. பின்னாளில் ராடன்பெரி தரப்பே இதை அதிகாரபூர்வ ‘ஸ்டார் ட்ரெக்’ கதையில் சேர்க்க மறுத்தது தனிக்கதை. ஆனால், கேப்டன் கிர்க்கின் நடுப்பெயர் ‘டைபீரியஸ்’ என்பது இந்த கார்ட்டூனில்தான் முதலில் வந்தது. 2020-ல் தொடங்கிய ‘லோயர் டெக்ஸ்’ அனிமேஷன் தொடரில் எப்போதும் எரிந்துவிழும் பூனை முக டாக்டர் ஒருவர் வருவாரே, அவர் ம்ரெஸ்ஸின் இனம்தான்.