வாடி நாயும் ஒரு சத்திரசிகிச்சையும்

"மூணாவது தரமும் குட்டி போட்டுட்டு மச்சான்" என்று அவர் சொன்னபோது குரலில் சந்தோசம் இருக்கவில்லை. அக்கரைப்பற்றுக்கு மேற்கே அவருக்கு எட்டு ஏக்கர் வயல். வாடியில் ஒரு பெட்டை நாய் கிடக்கிறது. யாரோ கொண்டுவந்து விட்டதல்ல. ஒரு மாரியில் மழைக்கு ஒதுங்கி வந்து அப்படியே தங்கிவிட்டது. பன்றி இறங்கினாலும் யானை வந்தாலும் முதலில் அறிவது அதுதான். இரவுக் காவலுக்குப் போகும் வயற்காரன் அந்த நாய் இல்லாவிட்டால் வாடியில் படுக்கமாட்டேன் என்கிறான்.

முதல் ஈற்றில் ஐந்து குட்டிகள். இரண்டைப் பக்கத்து வயல்காரர்கள் கொண்டு போனார்கள். மிச்சத்தை யூரியா பேக்கில் போட்டுச் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டார் மச்சான். நான்கு நாள் கழித்து அதே வழியால் போகும்போது ஒன்று தார் ரோட்டில் நசிந்து கிடந்ததாம். "நான் கொல்லல்லதான். ஆனா கொண்டு போட்டவன் நான்தானே" என்றார். இந்த முறை ஆறு. கால்நடை வைத்தியர் பார்த்துவிட்டு, குட்டிகள் பால் மறந்த பிறகு தாயைக் கொண்டுவாருங்கள், கருத்தடை செய்துவிடலாம் என்றிருக்கிறார். மச்சானுக்கு அங்கேதான் தட்டியது. "இத மார்க்கம் விடுமா?" என்று என்னிடம் கேட்டார்.

எம்மிடையே இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. நாய் வளர்ப்பதை ஒப்புக்கொள்ளவே பலருக்குக் கூச்சம். ஆனால் வயல் வாடிகளிலும் மாட்டுப் பட்டிகளிலும் தென்னந்தோட்டங்களிலும் எத்தனை நாய்கள் முஸ்லிம்களின் சோற்றைத் தின்று கிடக்கின்றன என்பது ஊரறிந்த விசயம். இதில் ஒளிக்கவும் எதுவுமில்லை. தேவையின்றி நாய் வைத்திருப்பவரின் நன்மையில் நாளொன்றுக்கு ஒரு கீராத் அல்லது இரண்டு கீராத் குறையும் என்று வரும் ஹதீஸ்களிலேயே வேட்டை நாய், கால்நடைக் காவல் நாய், பயிர்க் காவல் நாய் ஆகியவற்றுக்கு விலக்கும் வருகிறது. வீட்டுக் காவலை இவற்றோடு ஒப்பிட்டு அனுமதித்த ஷாபிஈ அறிஞர்களும் உள்ளனர். ஆகவே வாடியில் நாய் இருப்பது பிரச்சினையல்ல. அதன் உடலில் கத்தி வைக்கலாமா என்பதுதான் பிரச்சினை.

கிதாபுகளில் இது 'கிஸாஃ', அதாவது விதை நீக்கல், என்ற தலைப்பில் வருகிறது. எங்கள் பக்கத்தில் நலமடித்தல், காயடித்தல் என்பார்கள். இதன் அடியில் இருப்பது சூரத்துன் நிஸாவின் 119ஆம் வசனம். அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதரை ஏவுவேன் என்று ஷைத்தான் சபதமிடுவதாக அதில் வருகிறது. இப்னு அப்பாஸ், அனஸ் (ரலி) போன்றோரிடமிருந்து இது விதை நீக்கலைக் குறிக்கும் என்ற விளக்கம் அறிவிக்கப்பட்டுள்ளது. அல்லாஹ்வின் மார்க்கத்தை மாற்றுவதே இங்கு கருதப்படுகிறது என்று விளங்கிய முஃபஸ்ஸிர்களும் உண்டு. குதிரைகளையும் கால்நடைகளையும் விதை நீக்குவதைத் தடுக்கும் ஒரு ஹதீஸ் முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது; அதன் அறிவிப்பாளர் வரிசையைப் பலவீனமானது என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், நபி (ஸல்) அவர்கள் விதை நீக்கப்பட்ட இரண்டு கடாக்களைக் குர்பான் கொடுத்ததாக முஸ்னத் அஹ்மதிலும் இப்னு மாஜாவிலும் வருகிறது. அச்செயல் முற்றாக ஹராமாக இருந்திருந்தால் அந்தக் கடாக்கள் ஏற்கப்பட்டிருக்குமா என்று இமாம்கள் ஆராய்ந்தார்கள்.

நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபினர். இந்த மத்ஹபின் சொல் கடுமையானது. இமாம் நவவி அல்மஜ்மூஃவில், பஃகவீ, ராபிஈ ஆகியோரை எடுத்துக்காட்டி எழுதுவதன் சுருக்கம் இதுதான்: உண்ண ஆகுமான பிராணியைச் சிறுவயதில் விதை நீக்கலாம், இறைச்சி நன்றாக இருக்கும் என்ற பயன் அதில் உண்டு, வளர்ந்த பின் கூடாது, உண்ண ஆகாத பிராணிக்குச் சிறுவயதிலும் கூடாது, பெரிதானாலும் கூடாது. நாய், பூனை எல்லாம் இந்தக் கடைசி வகைக்குள் போகின்றன. ஹனபி மத்ஹபில் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. பயன் இருக்குமானால் விலங்குகளை விதை நீக்குவதில் குற்றமில்லை என்பது ஹிதாயாவின் நிலைப்பாடு. பயனோ தீங்கைத் தடுப்பதோ இருந்தால் பூனைக்கும் செய்யலாம் என்று ஃபதாவா ஹிந்திய்யா பெயர் குறித்தே சொல்கிறது. எங்கள் காலத்து அறிஞரான ஷைக் இப்னு உஸைமீன், பூனைகள் பெருகித் தொல்லையானால், சத்திரசிகிச்சை அவற்றுக்குத் தீங்கு செய்யாதென்றால், செய்யலாம் என்றார். கொல்வதைவிட அது மேல் என்பது அவரது நியாயம்.

இதை மச்சானிடம் சொன்னபோது அவர் திருப்பிக் கேட்ட ஒரு கேள்வி என்னை யோசிக்க வைத்தது. "அப்ப வாப்பாட காலத்துல நாம்பனுக்கு நலமடிச்சாங்களே, அது?" உண்மைதான். உழவுக்கும் வண்டிலுக்கும் பழக்குவதற்காக வளர்ந்த நாம்பன்களைக் கட்டிப்போட்டு, மயக்க மருந்தொன்றும் இல்லாமல், அடித்தோ இடுக்கியால் நசித்தோதான் செய்தார்கள். மஜ்மூஃவின் வாசகப்படி பார்த்தால் அது இறைச்சிக்காகவும் அல்ல, சிறுவயதிலும் அல்ல. ஆனாலும் ஊரில் எவரும் வாய் திறந்ததில்லை. மாட்டுக்கு எழாத சந்தேகம் நாய்க்கு மட்டும் எழுவதில் மார்க்கம் பாதி, நாயைப் பற்றிய எங்கள் பழைய மனத்தடை பாதி என்றே எனக்குப் படுகிறது.

நான் முப்தி அல்ல. ஆனால் ஆலிம்களிடம் கேட்கப் போகிறவர் கேள்வியைச் சரியாக வைக்க வேண்டும். 'நாய்க்குக் காயடிக்கலாமா?' என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான பதில்தான் வரும். பழைய கிதாபுகள் பேசுவது ஆண் விலங்கின் விதையை, மயக்கமின்றி, எடுப்பதை அல்லது நசிப்பதைப் பற்றி. இன்று ஒரு பெட்டை நாயைப் பூரண மயக்கத்தில் வைத்து, வயிற்றைத் திறந்து, சூலகங்களையும் கருப்பையையும் எடுப்பது நடக்கிறது. செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வருடத்துக்கு இரண்டு தடவை குட்டி, அவற்றைக் கொண்டுபோய் எறிவது, பெரும்பாலானவை சாவது. இரண்டு தீங்குகளில் இலேசானதைத் தேர்தல் என்ற விதி பிக்ஹில் இருக்கிறது. அது இங்கே பொருந்துமா, இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் உலமாக்கள். பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

இனி உடல் பக்கம். நாய் பொதுவாக ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் முதல் தடவை வேட்கைக்கு வரும். அது மூன்று கிழமை அளவில் நீடிக்கும். பிறகு ஆறு எட்டு மாதத்துக்கு ஒரு தரம். கர்ப்பம் ஏறத்தாழ 63 நாள். மனிதப் பெண்ணுக்குப் போல மாதவிடாய் நிற்கும் வயதென்று நாய்க்கு ஒன்றில்லை. கிழடானாலும் வேட்கை வரும். ஒவ்வொரு வேட்கைக்குப் பிறகும் கருப்பை வீங்கித் தயாராகி, வெறுமையாய் அடங்குகிறது. இப்படிப் பல தடவை நடந்த கருப்பையில் கிருமி புகுந்து சீழ் கட்டுவது வயதான பெட்டை நாய்களுக்கு வரும் பெரிய ஆபத்து. சுவீடனில் நாய்களுக்கு வழமையாகக் கருத்தடை செய்வதில்லை. அங்குள்ள காப்புறுதிப் பதிவுகளை ஆராய்ந்தபோது, பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பெட்டைக்கு இந்த நோய் வந்திருந்தது. உடனே சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் பெரும்பாலும் மவுத்துதான். கருப்பையை எடுத்துவிட்டால் இது வருவதற்கு இடமே இல்லை. முலைக்கட்டி வரும் வாய்ப்பும் குறைகிறது, முக்கியமாக முதல் வேட்கைக்கு முன் செய்தால். தெருநாய்களோடு சேர்வதால் தொற்றும் பாலுறுப்புக் கட்டி எங்கள் சூழலில் சாதாரணம். சேர்க்கை நின்றால் அதுவும் பெரும்பாலும் நிற்கிறது.

நட்டமே இல்லை என்று சொல்பவரை நம்ப வேண்டாம். சத்திரசிகிச்சை என்றால் மயக்கத்தின் ஆபத்தும் காயம் பழுக்கும் ஆபத்தும் இருக்கும். பின்னர் உடம்பு வைக்கும், தீனியைக் குறைக்க வேண்டும். சில பெட்டைகளுக்கு வயதான பின் தூக்கத்தில் சிறுநீர் கசியும். பெரிய சாதி நாய்களுக்கு மிகவும் இளவயதில் செய்தால் மூட்டு கெடலாம்; 2013இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் கோல்டன் ரிட்ரீவர் நாய்களில் இதைக் காட்டினார்கள். எங்கள் ஊர்நாய் அந்தப் பருமன் அல்ல. அந்தக் கவலை வாடி நாய்க்குப் பெரிதாக இல்லை. நோர்வேயிலோ, தக்க காரணமில்லாமல் விலங்கின் உறுப்பை எடுப்பதை 2009ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமே தடுக்கிறது. படைப்பில் காரணமில்லாமல் கைவைக்கக் கூடாது என்ற தயக்கம் எங்களுக்கு மட்டுமுரியதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். அங்கு நாய்கள் கட்டுப்பாட்டில் வாழ்கின்றன. வயல்வெளியில் அவிழ்த்துவிட்ட நாய்க்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

காவல் போய்விடுமோ என்பது மச்சானின் இன்னொரு பயம். போகாது. குரைப்பதும் அந்நியனைக் கண்டு சீறுவதும் கருப்பையில் இருந்து வருவதில்லை. கடுவனுக்குச் செய்தால் பெட்டை தேடி அலைவதும் அதற்காகச் சண்டை பிடிப்பதும் குறையும். பயத்தால் கடிக்கும் நாய் அப்படியே கடிக்கும். குட்டிப் பெருக்கத்தை நிறுத்துவதுதான் நோக்கமென்றால் கடுவன்களுக்குச் செய்து பயன் கொஞ்சம்தான், ஒரு கடுவன் மிஞ்சினாலும் ஊருக்கே போதும். செய்ய வேண்டியது பெட்டைக்கு.

"கத்தி வேணாம், ஊசி போடலாமே" என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கருத்தடை ஊசி ஓமோன் ஊசி. மலிவு, வலியும் இல்லை. ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் கருப்பையில் சீழ் கட்டுவதையும் முலைக்கட்டியையும் அதுவே கூட்டுகிறது. கர்ப்பமான நாய்க்குத் தெரியாமல் போட்டால் குட்டி பிறக்க முடியாமல் தாயும் சாகலாம். கத்தியைவிட ஊசி மார்க்கத்துக்கு நெருக்கம் என்று நினைத்து இதற்குப் போகிறவர்கள், விலங்குக்கு எது கூடிய வேதனை என்பதையும் யோசிக்க வேண்டும். வேட்கை நாட்களில் மூன்று கிழமை அடைத்து வைப்பது குற்றமற்ற வழி. வீட்டில் முடியும். வாடியில் நாலு பக்கமும் திறந்து கிடக்கும்போது எப்படி அடைப்பது?

விசர் நோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பலர் பிழையாக விளங்கியிருக்கிறார்கள். கருத்தடை செய்த நாய்க்கும் விசர் வரும். ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டேயாக வேண்டும். 1973இல் இந்த நோயால் இலங்கையில் 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது இருபது முப்பது அளவுக்கு இறங்கியிருப்பதற்கு நாய்த் தடுப்பூசியும் கடிபட்டவருக்குப் போடும் ஊசியும்தான் முக்கிய காரணம். 2006இல் தெருநாய்களைக் கொல்வதை அரசாங்கம் நிறுத்திய பிறகு கருத்தடை இதற்குத் துணையாக வந்தது. சந்தையில் எறியப்படும் ஊசி போடாத குட்டிதான் நாளைக்கு மதரஸா விட்டு வரும் பிள்ளையின் காலைக் கடிக்கும் நாய்.

மச்சான் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டார். மௌலவி ஷாபிஈ கிதாபின் வாசகத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு, இத்தகைய தேவையில் ஹனபி மத்ஹபின் தீர்ப்பை எடுத்து நடப்பதில் குற்றம் காணவில்லை என்றாராம். இனி நாயை எப்படிக் கொண்டுபோவது? முதலாவது ஆட்டோக்காரர் நாயைக் கண்டதும் "மறுகா வாறன் காக்கா" என்று போனவர்தான், வரவேயில்லை. உலர்ந்த நாய் உலர்ந்த சீலையில் பட்டால் நஜீஸ் ஒட்டாது என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டமும்தான். ஈரம் பட்ட இடத்தை ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால் கழுவினால் முடிந்தது. ஒரு பழைய சாக்கை விரித்து, நாயைப் பெட்டிக்குள் வைத்து, வயற்காரனின் லேண்ட்மாஸ்டர் பெட்டியில்தான் ஏற்றினார்கள். காயத்துக்கு மருந்து பூச வைத்தியரிடம் ரப்பர் கையுறையும் கேட்டு வாங்கினார் மச்சான்.

போன இடத்தில் வைத்தியர் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். நாய் மறுபடி வேட்கைக்கு வந்திருக்கிறது. அந்த நேரத்தில் கருப்பைக்கு இரத்தம் கூடுதலாக ஓடும், வெட்டினால் ஆபத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றாராம். அதுவரை நாய் வயற்காரனின் வீட்டுக்குப் பின்னால், பழைய கோழிக்கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பெரும்போக வெட்டு முடியும் கிழமைக்குத் திகதி எழுதித் தந்திருக்கிறார்கள். முந்திய இரவு எட்டு மணிக்குப் பிறகு தீனி கொடுக்கக் கூடாது. பத்து நாள் முதல் பதினான்கு நாள் வரை காயத்தை நக்க விடாமல் கழுத்தில் கூம்பு மாட்ட வேண்டும். அந்த நாட்களில் சேற்றில் இறங்க விடக் கூடாது. வெட்டு முடிந்த வயலில் சேறு இருக்காது என்று கணக்குப் போட்டுத்தான் மச்சான் அந்தக் கிழமையைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.