ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் உழவர் தேவைகளைச் சேர்ப்பது எப்படி?

நல்ல விளைச்சலுக்கு விதை, உரம், நீர் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை என்பதை உழவர் பெருமக்கள் நன்கு அறிவர். விதையையும் உரத்தையும் நம் கைப்பொருள் கொண்டு வாங்கிவிடலாம். ஆனால் ஏரியைத் தூர் எடுப்பது, வரத்துக் கால்வாயைச் சீர் செய்வது, வயலுக்கு வண்டிப் பாதை போடுவது, நெல் உலர்த்தக் களம் அமைப்பது போன்ற பணிகளைத் தனி ஒருவர் செய்ய இயலாது. இவை ஊர்ப் பொதுப் பணிகள். இவற்றிற்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டுமானால், ஆண்டுதோறும் தயாரிக்கப்படும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இவை இடம் பெற்றாக வேண்டும்.

பல ஊர்களில் இத்திட்டத்தில் சிமெண்டுச் சாலையும் தெரு விளக்கும் இடம் பெறுகின்றன. வாய்க்கால் விடுபட்டுப் போகிறது. யாரும் வேண்டுமென்று ஒதுக்கியதாகக் கொள்ள வேண்டியதில்லை. சாலையைக் கேட்டவர் கூட்டத்திற்கு வந்து கேட்டார்; வாய்க்காலைக் கேட்க வேண்டியவர் அன்று வயலில் இருந்தார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது இதற்கும் பொருந்தும். ஆகவே, இத்திட்டம் எவ்வாறு உருவாகிறது, உழவர்கள் எந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சட்டம் தரும் உரிமை

1992-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டம் தீட்டும் பொறுப்பை ஊராட்சிகளுக்கு மாநிலங்கள் அளிக்க இது வழி செய்தது. இதனுடன் சேர்க்கப்பட்ட பதினோராவது அட்டவணையில் 29 துறைகள் உள்ளன. அவற்றுள் முதலாவது வேளாண்மையும் வேளாண் விரிவாக்கமும். இரண்டாவது நில மேம்பாடும் மண் வளப் பாதுகாப்பும். மூன்றாவது சிறு பாசனம், நீர் மேலாண்மை, நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடு. நான்காவது கால்நடை வளர்ப்பு. பட்டியலின் தலைப்பிலேயே உழவுத் தொழில் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி கிராம சபை இயங்குகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்களே. ஊர்த் திட்டத்திற்கும் வரவு செலவுத் திட்டத்திற்கும் ஒப்புதல் அளிப்பதும், பணிகளின் முன்னேற்றத்தை ஆய்வு செய்வதும் இச்சபையின் பணிகளாகும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக் காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளுடன் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் வந்தன. இத்தகைய காலங்களிலும் கிராம சபை உண்டு. தலைவரின் பதவிக் காலம் முடிவதால் வாக்காளரின் உரிமை முடிவதில்லை.

சபை கூடும் நாட்கள்

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுவது வழக்கம். 2022-ஆம் ஆண்டு முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. கூட்டத்திற்கு 7 நாட்கள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். மக்கள் தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 501 முதல் 3,000 வரை 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் கூடியிருக்க வேண்டும் என்பது விதி.

இந்நாட்கள் உழவு வேலைகளோடு மோதுவதே உழவர்களுக்குள்ள இடர்ப்பாடு. ஆகஸ்டு நடுவில் ஆடிப் பட்டத்து மானாவாரிப் பயிருக்குக் களையெடுப்பு. அக்டோபரில் சம்பா நடவு. ஜனவரி இறுதியில் அறுவடை. ஆயக்கட்டு உழவர்கள் அனைவரும் வர இயலாவிட்டாலும், முறை வைத்துக் கொண்டு வீட்டிற்கு ஒருவராவது வருவது நலம். வீட்டுப் பெண்கள் வந்து பேசினாலும் அதே மதிப்பு உண்டு.

திட்டம் உருவாகும் படிகள்

2015-ஆம் ஆண்டில் 14-ஆவது மத்திய நிதிக்குழுவின் காலம் தொடங்கியபோது, ஒவ்வொரு ஊராட்சியும் ஆண்டுத் திட்டம் தயாரிக்கும் முறை நாடெங்கும் வற்புறுத்தப்பட்டது. 2018 அக்டோபர் 2 முதல் இதற்கென மக்கள் திட்ட இயக்கம் நடத்தப்பட்டு வருகிறது. இதன்படி அக்டோபரில் தொடங்கும் பணி, அடுத்த ஏப்ரல் மாதம் பிறக்கும் நிதியாண்டிற்கானது. படிகள் வருமாறு:

1. நிலை ஆய்வு: ஊரில் உள்ள வசதிகளும் குறைகளும் கணக்கெடுக்கப்படுகின்றன.

2. தேவைகளைக் கேட்டல்: கிராம சபையில் இக்கணக்கு வைக்கப்பட்டு, மக்களின் தேவைகள் பதிவு செய்யப்படுகின்றன. வேளாண்மை, கால்நடை முதலிய துறைகளின் களப் பணியாளர்கள் அன்று வந்து தத்தம் திட்டங்களை விளக்க வேண்டும்.

3. வரைவு தயாரித்தல்: கிடைக்கக் கூடிய நிதிக்கு ஏற்ப முன்னுரிமை வரிசையிட்டு, பணிகளுக்கு உத்தேசச் செலவு கணக்கிடப்படுகிறது.

4. ஒப்புதல்: வரைவு மீண்டும் கிராம சபை முன் வைக்கப்பட்டுத் தீர்மானமாக நிறைவேறுகிறது.

5. பதிவேற்றம்: ஒப்புதல் பெற்ற திட்டம் இ-கிராம் ஸ்வராஜ் என்னும் கணினித் தளத்தில் ஏற்றப்படுகிறது. இத்தளம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. எந்த ஊராட்சியின் திட்டத்தையும் இதில் யாரும் பார்க்கலாம்.

இவற்றுள் இரண்டாம் படியே உழவர்களுக்கு முக்கியமானது. அன்று பதிவாகாத தேவை மூன்றாம் படியில் தானாக முளைப்பதில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, தன் உறுப்பினர்களின் தேவைகளைத் தொகுத்து எழுத்து மூலம் ஒரு திட்டமாகவே கொடுக்கிறது. உழவர் குழுக்களும் இம்முறையைப் பின்பற்றலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகிய சொந்த வருவாய். மாநில நிதிக்குழு மானியம். மத்திய நிதிக்குழு மானியம். ஊரக வேலைத் திட்ட நிதி. துறைகளின் திட்ட நிதி ஆகியவை ஊராட்சிப் பணிகளுக்கான வழிகள். ஒவ்வொன்றிற்கும் விதி உண்டு. சான்றாக, 15-ஆவது மத்திய நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரை அளித்த மானியத்தில் 60 விழுக்காடு கட்டுண்ட நிதி. அதாவது 10 லட்சம் ரூபாய் வந்தால், 3 லட்சம் குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிப் பணிகளுக்கும், 3 லட்சம் சுகாதாரப் பணிகளுக்கும் உரியவை. மீதி 4 லட்சமே ஊர் தன் தேவைப்படி செலவிடக் கூடியது. அதிலும் சம்பளம் போன்ற நிர்வாகச் செலவு செய்யக் கூடாது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். வாய்க்காலுக்கான கோரிக்கை எந்த நிதித் தலைப்பில் அடங்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது எளிதில் ஏற்கப்படும். கிணறுகளுக்கு ஊற்றுப் பெருக்கும் ஊருணிப் பணியை மழைநீர்ச் சேகரிப்பின் கீழ் கேட்கலாம். மண் வேலைகளை ஊரக வேலைத் திட்டப் பணிகளின் பட்டியலில் சேர்க்கக் கேட்கலாம். 2026-27 முதல் 16-ஆவது நிதிக்குழுவின் காலமாதலால், நடப்பு விகிதங்களை ஊராட்சி செயலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏரி யாருடையது?

கோரிக்கை எழுதுவதற்கு முன் இதை அறிவது அவசியம். 40 எக்டர், அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள சிறு பாசன ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. அதற்கு மேற்பட்ட ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. ஊருணி, குட்டை போன்றவற்றை ஊராட்சியே கவனிக்கிறது. நீர்வளத் துறை ஏரிக்கு ஊராட்சித் திட்டத்தில் பணம் ஒதுக்கச் சொன்னால் அது நடவாது. அதற்குப் பரிந்துரைத் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலுடன் துறையின் பொறியாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கோரிக்கையை அளவுடன் கொடுங்கள்

"வாய்க்காலைத் தூர் வார வேண்டும்" என்று மட்டும் எழுதினால், அதற்குச் செலவு கணக்கிட முடியாது. கீழ்க்கண்ட விவரங்களைச் சேர்க்க வேண்டும்:

அ) பணியின் பெயர், இடம், புல எண். இவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள பதிவேட்டிலும் புலப்படத்திலும் பார்த்துக் கொள்ளலாம்.

ஆ) நீளம், அகலம், படிந்துள்ள வண்டலின் கனம்.

இ) பயன் பெறும் பரப்பும் உழவர்களின் எண்ணிக்கையும், அவர்களுள் சிறு, குறு உழவர்கள், குத்தகைதாரர்கள் எத்தனை பேர் என்பதும்.

ஈ) ஆக்கிரமிப்பு உண்டா என்பது. இருந்தால், முதலில் நில அளவை செய்யக் கோர வேண்டும். இடம் தெளிவில்லாத பணிக்கு நிதி வந்தாலும் வேலை நடவாது.

அளவு கணக்கிடுவது எளிது. 600 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள வாய்க்காலில் 40 செ.மீ. வண்டல் படிந்திருந்தால், எடுக்க வேண்டிய மண் 360 கன மீட்டர். ஏரிக்கும் இவ்வாறே. 4 எக்டர் நீர்ப்பரப்பில் 30 செ.மீ. வண்டலை எடுத்தால் 12,000 கன மீட்டர் நீர் கூடுதலாகத் தேங்கும். ஆவியாதல், கசிவு ஆகியவற்றிற்குப் பாதியைக் கழித்தாலும் 6,000 கன மீட்டர் மிஞ்சும். ஓர் எக்டர் நெல்லுக்கு 5 செ.மீ. உயரத்திற்கு ஒரு முறை நீர் பாய்ச்ச 500 கன மீட்டர் தேவை. ஆகவே 12 எக்டருக்கு, அதாவது ஏறத்தாழ 30 ஏக்கருக்கு, ஒரு முறை நீர் பாய்ச்சலாம். கதிர் வெளிவரும் பருவத்தில் மழை பொய்த்தால், இந்த ஒரு தண்ணீரே விளைச்சலைக் காப்பாற்றும். இக்கணக்கைச் சபையில் படித்துக் காட்டினால், நிலமில்லாதவர்களும் பணியின் தேவையை உணர்வர்.

இங்கு ஓர் எச்சரிக்கை. மதகின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டும் பள்ளத்தில் தேங்கும் நீர் மதகு வழியே வயலுக்கு வராது. கிணறுகளின் ஊற்றுக்கும் கால்நடைகளுக்குமே பயன்படும். எனவே எவ்வளவு ஆழம் எடுப்பது என்பதை ஒன்றியப் பொறியாளரிடம் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

தலைமடையும் கடைமடையும்

தலைமடை உழவருக்கு வாய்க்கால் தூர்ந்திருப்பது பெரிதாகத் தெரியாது. கடைமடையில் உள்ளவருக்கோ அதுவே பயிரின் உயிர். சபையில் இருவரும் இரு வேறு கோரிக்கைகளை வைத்தால் இரண்டுமே பின்னுக்குப் போகும். ஆகவே சபைக்கு ஒரு வாரம் முன்னதாக ஆயக்கட்டு உழவர்கள் கூடி, மூன்று பணிகளை மட்டும் வரிசைப்படுத்திக் கையெழுத்திட்டுக் கொடுப்பது நல்லது. நீண்ட பட்டியலில் எது முதலில் என்பதைப் பிறர் முடிவு செய்வர். குறுகிய பட்டியலில் அதை நீங்களே முடிவு செய்கிறீர்கள்.

எந்த மாதத்தில் என்ன செய்வது?

சித்திரை, வைகாசி: ஏரியும் வாய்க்காலும் வற்றியிருக்கும். வண்டலை அளந்து குறித்துக் கொள்ளவும்.

ஆகஸ்டு 15: கோரிக்கையை எழுத்து மூலம் கொடுத்து, உத்தேசச் செலவு தயாரிக்கக் கேட்கவும்.

அக்டோபர் 2 முதல்: திட்டம் குறித்த சபையில் கோரிக்கை தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பார்த்து, தீர்மான எண்ணைக் குறித்துக் கொள்ளவும்.

ஜனவரி 26-க்குள்: வரைவிலும் கணினித் தளத்திலும் பணி இடம் பெற்றதா என்று சரி பார்க்கவும்.

ஏப்ரல் முதல்: நிர்வாக அனுமதி பெற்றுப் பணி தொடங்க வற்புறுத்தவும்.

இந்த ஒழுங்கு ஏன் தேவை என்றால், மண் வெட்ட ஏற்ற காலம் கோடை ஒன்றுதான். ஏப்ரலில் அனுமதி கிடைத்தால் மழைக்கு முன் வேலை முடியும். அனுமதி செப்டம்பரில் வந்தால், ஏரியில் நீர் வந்த பின் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான். பட்டம் தவறிய விதைப்பைப் போன்றதே காலம் தவறிய கோரிக்கையும்.

ஒப்புதலுக்குப் பின்

திட்டத்தில் சேர்ந்த பணிகள் அனைத்தும் முதல் ஆண்டிலேயே நடந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நிதிக்கேற்பவே அவை எடுக்கப்படும். விடுபட்ட பணியை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் முதலிடத்தில் வைக்கக் கேளுங்கள். தீர்மானத்தின் நகல் மறுக்கப்பட்டால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்துப் பெறலாம். பணி நடக்கும்போது, மதிப்பீட்டில் உள்ள நீள அகலமும் ஆழமும் களத்தில் உள்ளனவா என்று அளந்து பாருங்கள். முதலில் நீங்களே அளந்து வைத்திருந்தால் இது எளிது.

வரும் பருவத்திற்கு எந்த நெல் இரகம், எத்தனை மூட்டை உரம் என்று இப்போதே கணக்கிடும் உழவர் பெருமக்கள், அப்பயிருக்குத் தண்ணீர் வரும் வழியையும் அதே கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டும். அடுத்த கிராம சபை அறிவிப்பு ஒட்டப்படும்போது, அளவுகளோடு எழுதிய ஒரு தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.