நடந்தால் வலி, நின்றால் சுகம்!

"கடைத் தெரு வரை நடக்க முடியவில்லை; கெண்டைக்கால் இழுக்கிறது. இரண்டு நிமிஷம் நின்றால் சரியாய்ப் போகிறது" என்று உங்கள் கணவரோ தம்பியோ சொல்கிறாரா? "வாயுவாக இருக்கும்" என்று தைலத்தைத் தேடாதீர்கள். வயது 45-க்குள், பீடிப் பழக்கமும் உண்டு என்றால் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போகிறவர், காசிமேட்டில் ஐஸும் மீனுமாகப் பாடுபடுகிறவர், திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகளில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர் எல்லோருக்கும் கால் வலி சகஜந்தான். ஆகவே இந்த வியாதியை யாரும் சந்தேகிப்பதில்லை. உழைத்த அலுப்பு படுத்தால் தீரும். இந்த வலியோ முற்றிவிட்டால் படுத்த பிறகுதான் அதிகமாகும். காலைத் தொங்கப் போட்டால் சற்றுத் தணியும்.

1908-ல் நியூயார்க் டாக்டர் லியோ பர்ஜர் இதை விரிவாக விவரித்தார். அவர் பெயரே வியாதிக்கும் நிலைத்தது. கை கால்களின் ரத்தக் குழாய்கள் அழற்சி கண்டு, உள்ளே ரத்தம் உறைந்து, வழி அடைபடுகிறது. மூல காரணம் புகையிலை.

விரல்கள் சில்லிட்டு வெளுக்கின்றனவா, நீலம் பாய்கின்றனவா? தோலுக்கடியில் சிவந்த கயிறு போல் தடித்து வலிக்கிறதா? நகக்கண் புண் வாரக் கணக்கில் ஆறவில்லையா? கவனியுங்கள். விரல் நுனி கறுத்துவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். மரத்த கால் வெந்து போவது தெரியாது.

முதல் மருந்து, புகையிலையை அடியோடு விடுவது. பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாமே விலக்கு. தினம் ஒன்றிரண்டு பிடித்தாலும் வியாதி வளரும். விரல் அழுகுமுன் விட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கால் தப்புகிறது.

நீங்களும் உங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும், சகோதரிகளே! அதே 1908-ல் ஜப்பானியக் கண் டாக்டர் மிகிடோ தகாயாசு, இளம் பெண் ஒருத்தியின் கண்ணில் கண்ட மாறுதலை வெளியிட்டார். இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயும் அதன் கிளைகளும் அழற்சியுறும் வியாதி அது. 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கே அதிகம் வருகிறது. விடாத லேசான ஜுரம், உடல் மெலிவு, தலைசுற்றல், தலை வாரும்போதே கை ஓய்ந்து போவது, ஒரு கையில் நாடி தட்டுப்படாமை இவை அடையாளங்கள். இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

வடசென்னைப் பெரியவர்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லும் ஸ்டான்லி பக்கத்திலேயே இருக்கிறது. இன்று ராத்திரி சாப்பாடானதும் அவர் பாதங்களைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சில்லென்றிருந்தால், காலையில் முதல் வேலை ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதுதான்.